இத்தா நாட்களில் கொடுத்த ஓமோன் குளிசை

வாய் காயாத நோயாளி

புரொபன்தெலின் குளிசை விழுங்குகிறவருக்கு வாய் காய வேண்டும். நாக்கு அண்ணத்தில் ஒட்ட வேண்டும். ஒரு துண்டுப் பாணை மென்று விழுங்கவே தண்ணீர் தேட வேண்டும். அடிக்கடி சலம் வருகிறது, வந்தால் அடக்க முடியவில்லை என்று வருகிறவர்களுக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த மருந்து அதுதான். நிறைவதற்கு முன்பே சுருங்கிவிடுகிற சிறுநீர்ப்பையை, எங்கள் சொல்லில் சலப்பையை, அது கொஞ்சம் அடக்கும். போகிற வழியில் வாயையும் காய வைக்கும்.

மருந்து கொடுக்கும் என் ஜன்னலுக்கு முன்னால் நின்ற ஹனிபா காக்கா மூன்று வாரமாக அந்தக் குளிசையை எடுத்துப் போகிறவர். அன்றும் வெற்றிலைச் சாற்றை மதிலோரம் தாராளமாகத் துப்பிவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து மருந்துத் துண்டை நீட்டினார்.

"வாய் காயுதா காக்கா?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்ல மிஸ்."

"கண் மங்கிற மாதிரி?"

"வயல்ல பூச்சி விழுந்திரிக்கெண்டா வரம்புல நிண்டே சொல்லுவன்."

"சலம்?"

"அது மட்டும் குறையல்ல. பகலைக்குப் பத்துப் பன்னெண்டு தரம். ராவைக்கு ஆறு. வந்தா நிப்பாட்ட ஏலா."

அவர் வரிசையில் முக்கால் மணித்தியாலம் நின்றதை நான் கண்டிருந்தேன். ஒரு தரம்கூட ஒதுங்கப் போகவில்லை.

"காக்கா, இந்தக் குளிசைய நீங்க குடிக்கல்ல."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். "கோழிக்குப் போடுறார் போல மிஸ்."

ஹனிபா காக்கா அவரை முறைத்துவிட்டு, தலையை ஜன்னலுக்குள்ளே நுழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கில்ல புள்ள. தங்கச்சிக்கி. அவ இத்தாவுல இரிக்கா. வெளிக்கிட்டு வர ஏலா. பொம்புளட பேருல இந்த வருத்தத்தச் சொல்லவும் ஏலா. அதால என்ட பேருல துண்டெழுதினன்."

கணவன் தலாக் சொன்ன பிறகு ஒரு பெண் வீட்டோடு இருந்து கழிக்கிற காத்திருப்புக் காலம்தான் இத்தா. அது முடியும்வரை அவள் வெளியே இறங்குவதில்லை என்பது எங்கள் ஊர்களின் வழக்கம்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கொழும்பில் மருந்தாளர் பயிற்சி முடித்து, கல்முனைப் பக்கம் ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு முதல் நியமனம். சொந்த ஊர் அக்கரைப்பற்று. காலை பஸ்ஸில் வந்து பின்னேர பஸ்ஸில் திரும்புவேன். பாடப் புத்தகத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நோயாளியை நானே கண்டுபிடித்துவிட்டேன் என்ற குதூகலத்தில் ஜன்னலை அடைத்துவிட்டு டொக்டரிடம் ஓடினேன்.

டொக்டர் காரைதீவுக்காரர். அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் ஒருவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆர்ட சலத்தச் சோதிச்சன்?"

"காக்காட சலத்த, சேர்."

"அதுதானே பார்த்தன், அவ்வளவு சுத்தமா இருந்திச்சு. சீனியும் இல்ல, கிருமியும் இல்ல. இன்னும் ஒரு கிழமை போயிருந்தா ஆளை ஒப்பரேஷனுக்கு அனுப்பியிருப்பன்." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "தங்கச்சி, நீங்க ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வாங்க. அந்த மனுசிட சலம் ஒரு போத்தல்ல வேணும். முதல்ல அது."

தறியடியில் போட்ட முடிச்சுகள்

கடற்கரைப் பக்கம், நெசவாளர் தெருவில் வீடு. உள்ளே நுழைந்ததும் பெரிய தறி. அதில் பாதி நெய்த சாரம். தறிக்குழிக்குள் காலை வைத்தபடி காக்காவின் தங்கை இருந்தார். எனக்கு அவர் சுலைஹா ராத்தா, அக்கா. ஐம்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இல்லை. உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகி நெடுங்காலம். ஹனிபா காக்கா ஒருவர்தான் கூடப் பிறந்தவர்.

"காக்கா பிடிபட்டுட்டாராம்" என்று சொல்லித்தான் என்னை வரவேற்றார். "நான் அப்பவே சொன்ன, வெத்திலயத் துப்பிப்போட்டுப் போங்கெண்டு."

"துப்பிப்போட்டுத்தான் வந்தார். அதாலதான் பிடிபட்டார்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிவதற்குள் முகம் மாறியது. எழும்பிக் கிணற்றடிப் பக்கம் கிட்டத்தட்ட ஓடினார். திரும்பி வரும்போது வேறு உடுப்பு.

"இன்னா, இதுதான் என்ட சீவியம். சிரிச்சாலும் வருகுது, தண்ணிச் சத்தம் கேட்டாலும் வருகுது. என்னோட படுத்தா நித்திர இல்லயெண்டு சொல்லித்தான் அந்த மனுசன் போன. இப்ப பொத்துவில்ல இளம் பொஞ்சாதி. அங்க புள்ள அழுது நித்திர இல்லயாம். கேள்விப்பட்டன்."

நான் கொடுத்த புரொபன்தெலின் என்னவாயிற்று என்று கேட்டேன். ஒரு கிழமை விழுங்கியிருக்கிறார். நாக்கு வறண்டு குர்ஆன் ஓத எழுத்து நாவில் புரளவில்லை என்று விட்டுவிட்டாராம். மிச்சக் குளிசைகள் எல்லாம் ஒரு பால்மா டின்னுக்குள் பத்திரமாக இருந்தன.

எத்தனை தரம் போகிறீர்கள் என்று எழுதி வைக்கச் சொன்னேன். எழுதத் தெரியாது என்றார். அரபு ஓதுவார், பேனை பிடித்ததில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தறியிலிருந்து இரண்டு நூல் துண்டுகளை எடுத்தார். "நீலத்துல பகல். சிவப்புல ராவு. ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு முடிச்சு. சரிதானே?" கொழும்பில் எங்களுக்கு அச்சடித்த அட்டவணைதான் காட்டியிருந்தார்கள். இது அதைவிடச் சுத்தமான கணக்கு.

"இந்த மருந்து என்னத்துக்குக் கேக்கிறன் தெரியுமா புள்ள? காக்கா ஹஜ்ஜுக்கு ரெண்டு பேருக்கு இடம் எடுத்திரிக்கார். அவருக்கும் எனக்கும். இத்தா முடிஞ்சி பத்தாம் நாள் பயணம். கஃபாவச் சுத்துறதெண்டா ஏழு சுத்து, ஒழுவோட. அந்தச் சனத்துக்குள்ள ஒழு முறிஞ்சா எங்க போற? நடுவுல நிண்டு என்ன செய்யிற? அந்த ஏழு சுத்துக்கு என்னை நிப்பாட்டித் தாங்க. வேற ஒண்டும் வாணாம்."

தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவிப் பெறுகிற சுத்தம்தான் ஒழு; சலம் பிரிந்தால் அது முறியும். கணவனோ, கூடப் பிறந்தவனோ, மகனோ இல்லாமல் ஒரு பெண் அந்தப் பயணம் போவதில்லை. அவருக்கு இருந்தது ஒரு காக்கா. போகக் கிடைத்தது அந்த ஒரு வருஷம்.

நான் கொப்பியை விரித்தேன். "ஹைளு நிண்டு எவ்வளவு காலம் ராத்தா?" மாதவிடாயை எங்களுக்குள் அப்படித்தான் சொல்வோம்.

"நாலு வருசம். அதாலதானே என்ட இத்தா மாசக் கணக்குல. ஹைளு வாறவளுக்கு மூண்டு ஹைளு வந்து சுத்தமாகணும். நிண்டவளுக்கு மூண்டு மாசம்."

கொப்பியில் நான் எழுதியது இவ்வளவுதான்: நான்கு வருடம்.

சின்ன எழுத்தில் இருந்த வரி

ராத்தாவின் சலத்தில் சீனியும் இல்லை, கிருமியும் இல்லை. நான் எதிர்பார்த்ததும் அதுவே. பஸ்ஸில் போகும்போதே புத்தகத்தைப் புரட்டிப் பக்கத்தை மடித்து வைத்திருந்தேன்.

அதில் சொல்லியிருந்தது இதுதான். மாதவிடாய் நின்ற பிறகு உடம்பில் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் குறைந்துபோகிறது. அந்த ஓமோனால் செழித்திருந்த மெல்லிய தோல் சலவழியிலும் அதைச் சுற்றியும் வறண்டு, மெலிந்து, தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகிறது. சலப்பை பாதி நிறைவதற்குள்ளே அவசரம் காட்டுகிறது. சில பெண்களுக்கு அந்த ஓமோனைத் திருப்பிக் கொடுத்தால், முக்கியமாக உள்ளே பூசும் கிறீமாகக் கொடுத்தால், அவசரமும் எரிவும் குறையலாம். குறையலாம் என்றுதான் இருந்தது. நான் குறையும் என்று வாசித்தேன்.

அதே அத்தியாயத்தில் இன்னோர் ஓமோனும் இருந்தது. மூக்கில் விட்டால் இரவில் சலம் உற்பத்தியாவதையே குறைக்கும் ஒன்று. அதையும் சொல்லிப் பார்த்தேன். டொக்டர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "உடம்புல தண்ணி தேங்கி இரத்தத்தில உப்பு இறங்கினா, இஞ்ச வைச்சு அளக்க என்ன இருக்கு? ஆளை வலிப்போட தூக்கிக்கொண்டு வருவாங்க. அதை விடுங்க."

"அப்ப ஈஸ்ட்ரஜன், சேர்?"

"கிறீம் இருக்கா?"

"ஸ்டோரில இல்ல. கொழும்புல கேட்டு எழுதணும். ஆனா எதினைல் ஈஸ்ட்ரடியோல் குளிசை ஒரு போத்தல் கிடக்கு. காலாவதி ஆகல்ல."

டொக்டர் சோதிக்க வேண்டும் என்றார். ராத்தா ஆண் டொக்டரிடம், அதுவும் இத்தாவில், வரவே மாட்டார் என்றேன். வெளியே அறுபது பேர் நின்றார்கள். கச்சான் காற்று ஜன்னல் சீலையை அள்ளி அவர் மேசைக் காகிதங்களைக் கலைத்துக்கொண்டிருந்தது.

"பார்க்காம எழுதச் சொல்றீங்க."

"ஒரு மாசத்துக்கு மட்டும், சேர். சின்ன அளவு."

"வேறென்ன எச்சரிக்கை போட்டிருக்கு?"

எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். கால் நாளத்தில் இரத்தம் கட்டுவது, மார்பு நோவு, குமட்டல். முதலாவதைச் சொன்னேன், ராத்தாவுக்குக் கால் வீங்கியிருக்கிறதா என்று அவர் கேட்டார், இல்லை என்றேன். கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: மருந்தை நிறுத்தியபின் கருப்பையிலிருந்து சில நாட்கள் இரத்தம் போகலாம்.

"மற்றதெல்லாம் சின்னச் சின்னது, சேர்" என்றேன்.

அவர் எழுதினார்.

நோன்பு தொடங்க நான்கு நாள் இருந்தது. கிறீம் வரவழைத்தால் உள்ளே பூச வேண்டியிருக்கும் என்று ராத்தாவிடம் சொன்னபோது, "நோம்பு மாசத்துலயா? சீ, வாணாம் புள்ள" என்று காதைப் பொத்தினார். இரவில் பூசினால் நோன்புக்குக் குறையில்லை என்று நான் வாதாடவில்லை. குளிசை என்றால் விடிய முன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டோடு ஒன்று, முடிந்தது. முப்பது நாளைக்கு முப்பது குளிசை. எனக்கும் அது லேசாக இருந்தது, அவருக்கும் அது லேசாக இருந்தது.

நோன்பு மாதம்

கிழமைக்கொருமுறை ஹனிபா காக்கா நூல்களைக் கொண்டுவந்து ஜன்னலில் வைப்பார். முதற்கிழமையே நீல நூலில் முடிச்சுப் பாதியாகியிருந்தது. நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று கைதட்டாத குறை. அன்றே டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் நூலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, நீங்களும் நோம்புதானே?"

"ஓம், சேர்."

"பகல்ல எத்தினை தரம் போறீங்க?"

எனக்குக் காது சூடாகியது. விடிய முன் குடித்தது, பிறகு மாலைவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பகலில் யாருக்குத்தான் சலம் வரும்? மருந்தைத் தொடங்குவதற்கு வருஷத்திலேயே மோசமான மாதத்தைத் தெரிந்தெடுத்துவிட்டு, நான் மருந்துக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன்.

"சிவப்பைப் பாருங்க" என்றார். "நோம்பு திறந்தாப் பிறகுதான் எல்லாரும் குடிக்கிறது. சிவப்புக் குறைஞ்சாத்தான் கதை."

சிவப்பும் குறைந்தது. மெதுவாக. ஆறு, ஐந்து, கடைசிக் கிழமையில் மூன்று. அவசரம் வந்தாலும் கதவுவரை நடந்து போக முடிகிறது என்று ராத்தா சொல்லி அனுப்பினார். "நடந்து" என்ற சொல்லைக் காக்கா இரண்டு தரம் சொன்னார். அது எவ்வளவு மருந்தால், எவ்வளவு மனத்தால் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் குறைந்தது உண்மை.

நோன்புப் பெருநாளன்று ராத்தா வீட்டிலிருந்து எனக்கு ஒரு சட்டி வட்டிலப்பம் வந்தது.

பெருநாள் கழித்து எட்டாம் நாள் ஹனிபா காக்கா வந்தார். வரிசையில் நிற்கவில்லை. பக்கக் கதவால் உள்ளே வந்தார். வாயில் வெற்றிலை இல்லை.

"புள்ள, அவக்கி ரெத்தம் போயிருக்கி."

"எப்ப?"

"பெருநாள் முடிஞ்சி நாலாம் நாள். இப்ப நிண்டிட்டு. அவ சொல்லாம இரிந்திரிக்கா. நேத்துத்தான் சொன்ன." கையைக் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டார். "ஹைளு வந்தா இத்தா என்னாகும் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். ஓதப் பள்ளியில் படித்ததுதான். மாதக் கணக்கில் இத்தா இருக்கிறவளுக்கு நடுவில் ஹைளு வந்தால் மாதக் கணக்குப் போய்விடும், மீண்டும் முதலிலிருந்து. அப்படியானால் பயண நாளுக்கு ராத்தா இத்தாவில் இருப்பார். போக முடியாது. எனக்கு இது தெரியும், அந்த வரியும் தெரியும். இரண்டையும் ஒரே தலைக்குள் இரண்டு அறையில் வைத்திருந்தேன்.

டொக்டர் கேட்டவுடன் எழும்பி நின்றுவிட்டார். "மருந்து நிப்பாட்டி நாலாம் நாள். மருந்தாலதான் இருக்கும். ஆனா நாலு வருசம் நிண்ட மனுசிக்கு இரத்தம் வந்தா மருந்தெண்டு சொல்லிப்போட்டு விட ஏலாது. கருப்பைப் புற்றுநோய் இப்பிடியும் தொடங்கும். மட்டக்களப்புக்கு அனுப்பிச் சுரண்டிப் பார்க்க வேணும்." பிறகு மெதுவாகக் கேட்டார். "இந்த எச்சரிக்கை புத்தகத்தில இருந்திச்சா?"

"இருந்திச்சு, சேர்."

"எழுதினவன் நான். அதை நான் மறுக்கல்ல. ஆனா நான் உங்களைக் கேட்டன்."

ஆஸ்பத்திரி வாசலில் ஹனிபா காக்கா காத்துக்கொண்டு நின்றார். "ஒரு கடுதாசி போதும். மருந்தால வந்த ரெத்தம் எண்டு எழுதித் தாங்க. மௌலவிட்டக் காட்டுறன்."

டொக்டர் எழுதினார்: மருந்தினால் ஏற்பட்டிருக்கக்கூடும், சோதனை அவசியம். காக்கா அதை யாரிடமோ வாசிக்கக் கொடுத்துக் கேட்டுவிட்டு, மீண்டும் வந்து என் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். "கூடும் கீடும் வாணாம் புள்ள. நாளைக்கு மௌலவி வீட்ட வாறார். நீங்களும் வாங்க. வாயால ஒரு சொல்லு. மருந்துதான் எண்டு. அவ்வளவுதான்."

திரைக்கு முன்னால்

ராத்தா வீட்டு முன்னறையில் பாய் விரித்திருந்தது. உள்ளறை வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் ராத்தா இருந்தார். மௌலவி என்றதும் வெள்ளைத் தாடியை எதிர்பார்த்திருந்தேன். வந்தவருக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். டொக்டரின் கடிதத்தை முழுவதும் வாசித்தார். மடித்தார்.

"ஒரு விசயம் முதல்ல. இத்தாவுல இரிக்கிறவ வருத்தத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகப்படாதெண்டு ஆரு சொன்ன?"

ஹனிபா காக்கா தொண்டையைச் செருமினார். "ஊருல வழமை..."

"மருந்துக்குப் போறதுக்குத் தடை இல்ல காக்கா. நீங்க உங்கட பேருல துண்டெழுதிக்கொண்டு திரிஞ்ச நேரம் என்னை ஒருக்காக் கேட்டிரிக்கலாம்."

அந்த ஒரு கேள்வியை ஆரம்பத்தில் கேட்டிருந்தால் ராத்தா சோதிக்கப்பட்டிருப்பார், கிறீமும் வந்திருக்கும். நானும் கேட்கவில்லை.

மௌலவி என் பக்கம் திரும்பினார். "மிஸ், இந்த ரெத்தம் மருந்தால வந்ததா?"

"பெரும்பாலும் ஓம்."

"பெரும்பாலும் எண்டா?"

காக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல். எனக்கும் அதில் உள்ளூர நம்பிக்கைதான். ஆனால் மட்டக்களப்புக்குப் போகாமலே ராத்தா மக்காவுக்குப் புறப்பட்டு, அங்கே மீண்டும் இரத்தம் வந்தால்? உள்ளே வேறேதும் இருந்தால்? ஏற்கெனவே ஒரு வரியை நான் சின்னதாக்கியாயிற்று.

"சோதிக்காம நிச்சயமாச் சொல்ல ஏலா."

காக்கா தன் தொடையில் ஓங்கி அறைந்தார்.

மௌலவி தலையை ஆட்டினார். "மருந்தால வந்தாலும், நான் படிச்ச கிதாபுப்படி வந்தது வந்ததுதான். ஆனா ஒண்டிரிக்கி. ஒரு பகலும் ஒரு ராவும் நிறையாத ரெத்தத்த ஹைளெண்டு எடுக்கிறல்ல. அப்பிடியெண்டா இத்தாவுக்கு ஒரு சேதமுமில்ல. அது எவ்வளவு நேரம் போச்செண்டு சொல்ல ஏலுமான ஆள் ஒராள்தான். அவட சொல்லுதான் சாட்சி."

தப்பிக்க ஒரு கதவு திறந்துவிட்டது. எல்லோருக்கும் விளங்கியது. காக்கா திரைப் பக்கம் எட்டி, "கொஞ்சம்தான் எண்டுதானே சொன்ன நீ? சும்மா ஒரு கறை மாதிரி..."

"காக்கா, நீங்க வாய மூடுங்க" என்றார் மௌலவி. "இதுல உங்கட சாட்சி செல்லாது."

வெளியே தெருவில் எங்கோ தறிகள் அடிக்கிற சத்தம். நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்: அரை நாள் என்று சொல்லுங்கள் ராத்தா. யாருக்குத் தெரியப்போகிறது? அரை நாள்.

"நாலு நாள் போச்சி" என்றது ராத்தாவின் குரல். "விடாமப் போச்சி."

மௌலவி கண்ணை மூடித் திறந்தார். "அப்ப கிறுகி முதல்ல இருந்துதான் ராத்தா. அல்லாஹ் நீங்க மனசுல வெச்ச நிய்யத்த ஏத்துக்கொள்ளுவான்." சொல்லும்போது அவர் குரலும் இறங்கியிருந்தது.

அவர் போனதும் ஹனிபா காக்கா என் மேல் பாய்ந்தார். "கொழும்புக்குப் போய்ப் படிச்சது இதுக்கா? ஒரு பொம்புளட ஹஜ்ஜ நிப்பாட்டவா? அவ கேட்ட ஏழு சுத்து. நீங்க அவளை வீட்டு முத்தத்தையும் தாண்ட விடல்ல."

"காக்கா, அந்தப் புள்ளைய ஏசாதீங்க" என்று உள்ளிருந்து வந்தது. "புள்ள, நீங்க உள்ளுக்கு வாங்க."

போனேன். அழுதிருப்பார் என்று நினைத்தேன். கண் உலர்ந்துதான் இருந்தது.

"ஒண்டு கேக்கிறன். இப்பிடி ரெத்தம் வருமெண்டு உங்களுக்கு முந்தியே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் ராத்தா. படிச்சிருந்தன்."

"தெரிஞ்சும் சொல்லல்ல."

"சின்ன விசயமெண்டு நினைச்சன்."

"ஆருக்குச் சின்ன விசயம்?"

அவர் அதட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் அது இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

கேள்விகள்

அடுத்த கிழமையே ராத்தாவை மட்டக்களப்புக்குக் கூட்டிப்போனார்கள். நான் லீவு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். பஸ்ஸில் மூன்று இடத்தில் நிற்பாட்டச் சொல்லி இறங்கவேண்டியிருந்தது. குளிசை நின்ற பிறகு பழைய அவசரம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கருப்பையைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு கிழமை ஆயிற்று. கெடுதல் ஒன்றும் இல்லை என்று வந்தது. மருந்து இரத்தம்தான். அந்தச் செய்தியை ஓடிப்போய்ச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ராத்தா. காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடிவு நல்லது, ஆனால் இத்தாக் கணக்கு இனி மாறாது.

காக்கா தனியாகத்தான் பயணம் போனார். வழியனுப்ப ஊரே கூடியது. ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று ஸலாம் சொன்னார். "எனக்கும் சேத்துச் சுத்துங்க" என்றார். "நீ அடுத்த வருசம் வருவாய்" என்றார் காக்கா. இருவரும் நம்பித்தான் சொன்னார்கள்.

இதற்கிடையில் நான் கொழும்புக்கு எழுதிக் கேட்ட கிறீம் வந்து சேர்ந்திருந்தது. அதைக் கொண்டுபோக எனக்குக் கால் கூசியது. ஆனால் ராத்தாதான் ஆள் அனுப்பினார். இந்த முறை டொக்டரிடமும் வந்து காட்டினார், மருத்துவமாது பக்கத்தில் நிற்க. பிறகு என் ஜன்னலடியில் வந்து டியூப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ரெத்தம் வர வைக்குமா?"

"குளிசை அளவுக்கு இல்ல. ஆனா உள்ளுக்குக் கொஞ்சம் ஊறும். வரவே வராதெண்டு சொல்ல ஏலா. ஒரு சொட்டு வந்தாலும் உடன வரணும்."

"நிப்பாட்டினா என்ன வரும்?"

"பழைய வருத்தம் திரும்பலாம்."

"எத்தின வருசம் பூசலாம்?"

"அது எனக்குத் தெரியா ராத்தா. எழுதிக் கேக்கிறன்."

டியூப்பை ஜன்னல் பலகையில் வைத்தார். "இப்ப தாங்க" என்றார்.

இரண்டு மாதத்தில் இரவில் இரண்டு முறைக்கு வந்தது. கிறீமோடு கூடவே, அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று எண்ணிப் பார்க்கப் பழக்கினோம். முதலில் ஐம்பது, பிறகு நூறு. அதற்கும் பங்கிருக்கும். அவருடைய மூன்றாவது கேள்வியைக் கேட்டு நான் கொழும்புக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது: தொடர்ந்து பூசுகிறவர்களை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், எத்தனை ஆண்டு என்று யாரும் இன்னும் அறுதியாகச் சொல்லவில்லை. அதை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

அடுத்த வருஷம் பயணத்துக்கு எழுதும் நேரத்தில் ஹனிபா காக்கா வயலில் விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் போயிற்று. ஏழெட்டு வருஷம் கழிந்து இன்றும் அவரை ராத்தாதான் தூக்கி இருத்திக் குளிப்பாட்டுகிறார். கூட்டிப் போக வேறு ஆளில்லை. இதை எழுதுகிற நாள்வரை சுலைஹா ராத்தா ஹஜ்ஜுக்குப் போகவில்லை. ஏழு சுத்துக்கு நிற்கக்கூடிய உடம்பு இப்போது இருக்கிறது. போக வழி இல்லை.

மருந்தாளர் பயிற்சிக்குப் போகிற தங்கைகளும் தம்பிகளும் இந்த ஓமோன்களைப் பற்றி என்னிடம் ஆசையோடு கேட்கிறார்கள். நானும் ஆசையோடுதான் சொல்கிறேன். நல்ல மருந்து, தகுந்தவருக்குத் தகுந்த விதத்தில் கொடுத்தால் ஒரு பெண்ணின் வாழ்வை அறைக்கு வெளியே கொண்டுவரும். ஆனால் பக்கவிளைவுகளில் பெரியது எது, சின்னது எது என்று பிரிக்கிற வேலை நம்முடையது அல்ல. அதை விழுங்கப்போகிறவரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் அவருக்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நாம் ஒரே வரியில் எழுதி மூடுகிற பதிலை அவர் முழுதாகச் சொல்லட்டும், முழுதாக எழுதுங்கள்.

ராத்தா மாதம் ஒருமுறை கிறீம் எடுக்க வருகிறார். ஒவ்வொரு முறையும் டியூப்பைத் தொட முன் அதே மூன்று கேள்விகளைக் கேட்கிறார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். நான் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். மூன்றாவதற்கு இன்னும் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.